நூலகர் பதில்கள்: லயத்து முகவரிக்கு நூலக அட்டை கிடைக்குமா?

சென்ற இதழில் டிஜிட்டல் நூலக அட்டை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வட்சப் குரல் பதிவுகளும் வழக்கத்தை விட அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் நூலக அட்டை எடுத்தால் உலகத்துப் புத்தகங்களை எல்லாம் போனிலேயே வாசிக்கலாம் என்று எங்கள் பாடசாலையில் பேசிக்கொள்கிறார்கள். அதை எங்கே எடுப்பது? எவ்வளவு செலவாகும்?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: அப்படி ஒரே ஓர் அட்டை கிடையாது டீச்சர். மூன்று வேறு சங்கதிகளை நாம் ஒரே பெயரால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று, வெளிநாட்டுப் பொது நூலகங்கள் தங்கள் ஊரில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. அதன் இலக்கத்தையும் இரகசிய எண்ணையும் லிபி என்ற செயலியில் போட்டால், அந்த நூலகம் பணம் கட்டி வைத்திருக்கும் மின்நூல்களையும் ஒலிநூல்களையும் இரவல் எடுக்கலாம். ஓவர்டிரைவ் என்ற அமெரிக்க நிறுவனம் 2017இல் கொண்டுவந்த செயலி அது. இறக்குவதற்குக் காசில்லை. உங்கள் பாடசாலையில் யாரோ அதை இறக்கிப் பார்த்ததில்தான் இந்தப் பேச்சு தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் திறந்த கையோடு 'உங்கள் நூலகம் எது?' என்று கேட்கும். நம் பக்கத்து நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் இரவல் தருவது காகிதப் புத்தகம். சில இடங்களில் உறுப்பினர் அட்டையில் பார்கோட் ஒட்டியிருக்கிறார்கள். அது கணக்கு வைப்பதற்கு, போனில் வாசிப்பதற்கு அல்ல.

இரண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996இல் தொடங்கியது, இருப்பது சான் பிரான்சிஸ்கோவில், இலாபத்துக்கு நடத்துவதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் கொடுத்தால் கணக்குத் திறந்துவிடும். அந்தக் கணக்குத்தான் அங்கே நூலக அட்டை. எந்த நாடு, எந்தத் தெரு என்று கேட்பதில்லை. காசும் இல்லை.

மூன்றாவது வகைக்கு அட்டையே வேண்டாம். நம் ஆட்கள் 2005இல் ஆரம்பித்த நூலகம் என்ற இணைய நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழர் எழுதியவை, அச்சிட்டவை என்று இலட்சத்தைத் தாண்டிய ஆவணங்கள் அதில் இருக்கின்றன. மலையகத்துக்கென்று தனிச் சேகரமும் உண்டு. சங்க இலக்கியம், பக்தி இலக்கியம் என்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழியிலேயே இறக்கலாம். பாடங்களுக்கு இ-தக்சலாவ என்ற கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் நல்லது; பெங்களூரில் இருந்து பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது, படத்தோடு தமிழ்க் கதைகள் நிறைய. ஆனால் அவற்றில் சில மொழிபெயர்ப்பு கொஞ்சம் முரடாக இருக்கும். வகுப்பில் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்கள் வகுப்புக்குத் தேவையானதில் பெரும்பகுதி மூன்றாவது வகையிலேயே கிடைத்துவிடும். அதில் இல்லாத ஆங்கிலப் புத்தகத்துக்கு இரண்டாவது. முதலாவது நமக்கு அநேகமாகத் தேவைப்படாது.

கேள்வி: ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன் மிஸ். டவுன் நூலகத்தில் சேரப் போனேன். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரி போதாது, உறுதிப்படுத்திக்கொண்டு வா, பிணையாளரும் வேண்டும் என்றார்கள். அடையாள அட்டை இன்னும் வரவில்லை. இணையத்தில் அட்டை எடுத்தாலும் இதையெல்லாம் கேட்பார்களா?
– ஒரு மாணவி, மஸ்கெலியா

பதில்: இணையத்தில் கேட்கமாட்டார்கள் மகள். மேலே டீச்சருக்குச் சொன்ன இரண்டாவது வகைக்கு மின்னஞ்சல் மட்டும் போதும். அதற்காக டவுன் நூலகத்தை விட்டுவிடாதே. ஏ.எல். (உயர்தரம்) தொடங்கினால் மேசையில் விரித்து வைத்து வாசிக்கிற புத்தகங்கள் உனக்கு வேண்டும். போன் திரையில் பொருளியல் வரைபடத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பது பெரிய வேதனை.

அந்தப் படிவம் எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு நகர சபை நூலகத்தில் அதை வாங்கிச் சரிபார்த்துக் கோப்பில் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. பெயருக்குக் கீழே 'வீட்டு இலக்கம், வீதி' என்று ஒரு வரி இருக்கும். பின்பக்கத்தில் பிணையாளருக்கு 'வரிமதிப்பு இலக்கம்' என்று, அதாவது சபை வரி விதிக்கும் சொத்தின் இலக்கத்துக்கு, ஒரு கட்டம். டவுனில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை இரண்டையும் நின்ற நிலையிலேயே நிரப்பிவிடும். தோட்டத்துப் பிள்ளை வீதி என்ற இடத்திலேயே பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும். லயத்தில் வீதி ஏது? வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் அப்பா பெயரில் வரிமதிப்பு இலக்கம் எப்படி வரும்? கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, தப்பால்காரர் பையில் கிடந்து, யாரிடமோ கொடுத்தனுப்பித்தான் வீட்டுக்கு வரும். படிவத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் ஓய்வு பெறும் வரை அதே படிவம்தான்.

இவ்வளவும் நூலகத்தோடு மட்டும் நிற்கிற கதை இல்லை. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைச் செப்பனிடவே சபைகள் தயங்கிக்கொண்டிருந்தன. நூலகத்தை எங்கே நினைப்பது! அந்த ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனித்தனிச் சபைகள் வந்துவிட்டன. ஆகவே முதலில் உன் சொந்தப் பிரதேச சபையில் நூலகம், வாசிகசாலை என்று என்ன இருக்கிறது என்று விசாரி. ஹட்டன் வரை பஸ் ஏற வேண்டி வராமல் போகலாம்.

இனிக் காரியம். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் கேள். அப்பா, அம்மாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கும், அந்த விபரத்தையும் கையில் வைத்துக்கொள். முகவரியை எழுதும்போது லயத்தின் இலக்கம், டிவிசன் (தோட்டப் பிரிவு), தோட்டம், தபால் கந்தோர் உள்ள ஊர், தபால் குறியீடு என்று இந்த ஒழுங்கிலேயே எழுது. எந்தத் தாளில் எழுதினாலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுது. பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலை இடாப்பில் வேறொன்று என்று இருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கட்டாயம் கேள்வி கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன், கேட்காமல் விட முடியாது.

அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். அது வரும்வரை, ஓ.எல். பரீட்சை மண்டபத்தில் எதைக் காட்டினாயோ அதையே காட்டு. தபால் அடையாள அட்டை என்றாலும் பரவாயில்லை. பிணைக்கு 'அரச உத்தியோகத்தர் கையொப்பம் வைத்தால் ஏற்றுக்கொள்வீர்களா' என்று நேரே கேள். பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். அப்புறம் உன் வகுப்பாசிரியரே போதும். அதிபரின் கடிதம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மின்னஞ்சல் பற்றியும் ஒரு வார்த்தை. டவுன் கொமினிகேசன் கடையில் காசு கொடுத்து மின்னஞ்சல் திறப்பிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படித் திறந்தால் கடவுச்சொல் கடைக்காரரின் கொப்பியில் இருக்கும், உன்னிடம் இருக்காது. 13 வயது தாண்டிய யாரும் கூகுள் கணக்கைத் தாங்களே திறக்கலாம். வீட்டில் உட்கார்ந்து நீயே திற, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வை. கணக்குத் திறக்க அண்ணனின் சிம் இலக்கத்தைக் கொடுத்திருந்தால், அவர் சிம்மை மாற்றும் நாளில் உனக்குச் சொல்லச் சொல்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மாமா மகள் தன்னுடைய நூலக அட்டை இலக்கத்தை அனுப்புகிறேன் என்கிறாள். அதை இங்கே லிபியில் போட்டால் வேலை செய்யுமா? தப்பா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: இலக்கமும் இரகசிய எண்ணும் சரியாக இருந்தால் செயலி திறக்கும். நீங்கள் தலவாக்கலையில் இருக்கிறீர்கள் என்பதற்காகக் கதவைச் சாத்திவிடாது. ஆனால் அங்கே பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். அந்தப் பகுதியில் குடியிருப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் என்ற கணக்கில்தான் அட்டை கொடுக்கிறார்கள். அட்டை ஆளுக்கானது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று பொதுவாக விதியிலேயே எழுதியிருக்கும்.

எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. காகிதப் புத்தகத்தைப் போலவே மின்நூலுக்கும் பிரதிக் கணக்கு உண்டு. நூலகம் ஒரு பிரதிக்கு உரிமம் வாங்கியிருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதோடு பல பதிப்பகங்கள் உரிமத்தைத் தவணைக்குத்தான் விற்கின்றன. ஹார்ப்பர்கொலின்ஸ் 2011இல், 26 முறை இரவல் போனதும் நூலகம் மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டது. இன்னும் சிலர் இரண்டு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் இரவலும் அந்த ஊர்க்காரர் வரிப்பணத்தில் ஒரு துண்டு. மாமா மகளிடம் வேறு உதவி கேளுங்கள். அவர் வாசித்து முடித்த காகிதப் புத்தகங்களை லீவுக்கு வரும்போது ஒரு பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்டர்நெட் ஆர்க்கைவில் கணக்குத் திறந்தேன். சில புத்தகங்களை ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள். சிலவற்றில் இரவல் பொத்தானே இல்லை. முன்பு வாசித்த ஒரு புத்தகம்கூட இப்போது திறக்கவில்லை. என் கணக்கில் ஏதும் கோளாறா?
– உயர்தர மாணவர், பதுளை

பதில்: உங்கள் கணக்கில் ஒன்றும் இல்லை. அது நியூயோர்க் நீதிமன்றத்து விவகாரம்.

அந்த நிறுவனம் காகிதப் புத்தகங்களை வருடி (ஸ்கேன் செய்து), கையில் ஒரு பிரதி இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில் இணையத்தில் இரவல் கொடுத்து வந்தது. 2020இல், கொரோனாவுக்கு நூலகங்கள் மூடிக் கிடந்தபோது, அந்தக் கணக்கையும் கொஞ்ச நாள் தளர்த்திவிட்டது. அந்த ஜூன் மாதமே ஹஷெட், ஹார்ப்பர்கொலின்ஸ், வைலி, பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் ஆகிய நான்கு பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் தீர்ப்பு பதிப்பகங்களின் பக்கம் போனது. 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டிலும் அதுவே. இந்த வழக்கால் இரவலில் இருந்து எடுக்கப்பட்ட புத்தகங்கள் 500,000க்கு மேல். நீங்கள் முன்பு வாசித்தது அந்தக் குவியலில் போயிருக்கலாம்.

பதிப்பகங்களைத் திட்டி நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுதினவருக்கும் அச்சடித்தவருக்கும் பணம் போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விற்பனையிலும் இல்லாமல், எந்தக் கடையிலும் கிடைக்காமல் இருக்கும் ஒரு பழைய புத்தகத்தை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன இலாபம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒரு மணி நேரக் கதைக்கு வருவோம். மணி முடிந்து புத்தகம் மூடிக்கொண்டாலும், வேறு யாரும் எடுக்காமல் இருந்தால் மறுபடி ஒரு மணி நேரம் எடுக்கலாம். நிறைய ஆட்கள் அப்படித்தான் ஒரு நாள் பூராவும் ஓட்டுகிறார்கள். 14 நாள் இரவல் வசதி சில புத்தகங்களுக்கு மட்டும் இருக்கும். எடுக்கும் முன் இரண்டில் எது என்று பொத்தானிலேயே எழுதியிருக்கும், வாசித்துவிட்டு அழுத்துங்கள். இன்னொன்று: இரவல் எடுக்காமலே புத்தகத்துக்குள் ஒரு சொல்லைத் தேடும் வசதி பல புத்தகங்களுக்கு உண்டு. உங்கள் பாடத்துக்கு வேண்டிய தலைப்பு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அதில் பார்த்துக்கொண்டு, அப்புறம் இரவல் எடுத்தால் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களுக்கு இந்த மணிக் கணக்கு எதுவும் இல்லை, இறக்கியே வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை நீடிக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அது.

கேள்வி: மகன் இரண்டு புத்தகம் இறக்கினான், டேட்டா முடிந்துவிட்டது. எங்கள் டிவிசனில் சிக்னலும் கோயில் பக்கத்தில் மட்டும்தான். எங்களைப் போன்றவர்களுக்கு இது சரிப்பட்டு வருமா?
– ஒரு தகப்பன், அக்கரப்பத்தனை

பதில்: வரும் ஐயா, ஆனால் இறக்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன 'நூலகம்' இணையத்தளத்தில் ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால், பெயருக்கு அருகில் அடைப்புக்குள் அதன் அளவு எம்.பி. கணக்கில் போட்டிருக்கும். பக்கம் பக்கமாகப் படம் பிடித்த கோப்புகள் அவை. மெல்லிய கவிதைத் தொகுதி சில எம்.பி.யோடு போய்விடும். தடித்த மலர், பழைய சஞ்சிகைத் தொகுப்பு என்றால் பல பத்து எம்.பி. வரும். மதுரைத் திட்டத்தில் இருப்பது தட்டெழுதிய எழுத்து. ஒரு முழு நூலும் ஒரு புகைப்படத்தின் அளவுதான் இருக்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தளத்திலும் இலவச நூல்கள் இருக்கின்றன. அங்கே ஈபப் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், சின்னத் திரைக்கு எழுத்து தானாகவே ஒழுங்காகும்.

சம்பள நாளில் டவுனுக்குப் போகும்போது வைஃபை உள்ள இடத்தில் வேண்டியதை இறக்கிக்கொள்வது ஒரு வழி. இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு இறக்கலாம், ஆனால் அதற்காகப் பிள்ளையைக் கோயில் பக்கம் பனியில் நிற்க விடாதீர்கள். ஒரு பிள்ளை இறக்கினால் போதும். புளூடூத்திலோ குயிக் ஷெயரிலோ டேட்டா இல்லாமலே லயம் முழுக்கக் கொடுத்துவிடலாம். பாடநூல்களை நான் எப்போதும் அப்படித்தான் கொடுக்கச் சொல்வேன்.

கேள்வி: என் அப்பா பழைய கணக்கப்பிள்ளை. 80 வயது. கண் மங்கல். பழைய புத்தகங்களைப் போனில் பெரிதாக்கிக் காட்டினால் பக்கம் ஓடிவிடுகிறது, வரி பிடிபடவில்லை என்கிறார். போன் வாசித்துச் சொல்லாதா?
– ஒரு மகள், புசல்லாவை

பதில்: படமாக இருக்கும் பக்கத்தைப் போன் வாசிக்காது அம்மா. அதை எழுத்தாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றால் கூகுள் லென்ஸில் காட்டி எழுத்தை நகல் எடுக்கலாம். கொஞ்சம் நீளமானது என்றால் கணினி வேண்டும்: கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திற என்று கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். பெரிய கோப்பை அப்படியே போட்டால் திணறும், சில பக்கங்களாகப் பிரித்துப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பா காலத்துப் புத்தகங்களில் 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில் இருக்கும், 'றா', 'னா'வும் பழைய வடிவத்தில்தான். அந்த இடங்களில் இயந்திரம் தடுமாறும். எதையாவது உளறினால் அப்பாவே திருத்திச் சொல்லிவிடுவார், அது அவருக்கு ஒரு பொழுதுபோக்காகவும் இருக்கும். எழுத்து கிடைத்ததும் போனின் அமைப்புகளில், அணுகல் வசதி என்ற பகுதிக்குள், தேர்ந்தெடுத்ததை வாசிக்கும் வசதி இருக்கும். தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வாசிக்கும். குரல் செய்தி அறிக்கை மாதிரித்தான் இருக்கும், ஒப்பாரிப் பாடலையும் அதே தொனியில் வாசிக்கும். வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

கேள்வி: சர்வதேச டிஜிட்டல் நூலக அட்டை செய்து தருவதாக வட்சப்பில் ஒருவர் பணம் கேட்கிறார். போனுக்கு வரும் இலக்கத்தையும் சொல்ல வேண்டுமாம்.
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: கொடுக்காதீர்கள், இலக்கத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள், அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். அடையாள அட்டையின் படத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி: வாழ்நாள் பூராவும் நூலகத்தில் இருந்த நீங்களே போனில் வாசி, போனில் வாசி என்று எழுதலாமா? புத்தகத்தின் வாசம் வேண்டாமா?
– கோபத்தோடு ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: புத்தகத்தின் வாசம் என்று நீங்கள் சொல்வதில் பாதி பூஞ்சணத்தின் வாசம், ஐயா. நான் அதோடுதான் இருந்தேன். மலையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் புத்தகங்கள் ஊறிப்போகும். திறந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தால் எழுத்து அடுத்த பக்கத்தோடு போய்விடும். தையல் நூலை இராமபாணப் பூச்சி தின்னும். வெயில் வந்த நாளில் ஜன்னல் ஓரத்தில் பத்திரிகை விரித்து, புத்தகத்தை விசிறி மாதிரிப் பிரித்து நிறுத்தி உலர்த்துவோம்.

அச்சில் வந்த பெரிய புத்தகமாவது வேறோர் ஊரில் ஒரு பிரதி இருக்கும். நம்முடைய மற்றத் தாள்களை யோசித்துப் பாருங்கள். தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம், மே தின மலர், தோட்டத்துப் பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், டவுன் அச்சகத்தில் கையால் எழுத்துக் கோத்து அடித்த கவிதைப் புத்தகம். கொஞ்சப் பிரதிகள்தான் அடிப்பார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் டிரங்குப் பெட்டியில் புடவையும் பாத்திரமும் வைப்பார்களா, மலரும் பிரசுரமும் வைப்பார்களா? 1983 கலவரத்தில் எரிந்த வீடுகளில் என்னென்ன தாள் இருந்தது என்று யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது போனவை சுமார் 97,000 என்று ஒரு கணக்காவது இருக்கிறது. நமக்கு அந்தக் கணக்கும் இல்லை.

அதனால்தான் 'நூலகம்' இணையத்தளம் போன்ற இடங்களை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அங்கே வாசிக்க மட்டும் இல்லை, கொடுக்கவும் போகலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலரோ சஞ்சிகையோ இருந்தால் வருடி வைப்பதற்குக் கொடுங்கள். எழுதியவரோ அவர் குடும்பமோ அனுமதி தந்தால் அது எல்லாருக்கும் திறந்திருக்கும். மூலப் பிரதியை நீங்களே வைத்துக்கொண்டு ஆசை தீர முகர்ந்து பாருங்கள், யார் வேண்டாம் என்றது?

கொடுக்கும்போது அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். அச்சகத்தின் பெயர், விலை, ஆண்டு எல்லாம் அநேகமாகப் பின் அட்டையிலோ முதல் தாளின் பின்பக்கத்திலோதான் இருக்கும். அது இல்லாத புத்தகத்தைப் பட்டியலில் சேர்ப்பவர் படும் பாடு எனக்குத் தெரியும். கந்தைத் துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய தூரிகை போதும். ஒட்டிய பக்கங்களை நகத்தால் பிரிக்க வேண்டாம். பழைய கிழிசலுக்கு டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டில் அந்த டேப் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும்.

கேள்வி: கனடாவில் இருந்து லீவுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அங்குள்ள என் நூலக அட்டையில் லிபியில் ஒரு நாவல் எடுத்திருந்தேன். பாதியில் தவணை முடியப் போகிறது. திரும்பக் கொடுக்க மறந்தால் தண்டப் பணம் வருமா? அம்மா பயப்படுகிறார்.
– ஒரு வாசகி, ஹப்புத்தளை

பதில்: அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்டை உங்களுடையது, எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும் குற்றமில்லை. தவணை நாள் வந்ததும் புத்தகம் தானாகவே போனில் இருந்து போய்விடும், தண்டப் பணம் என்ற பேச்சே இல்லை. வேறு யாரும் காத்திருக்காவிட்டால், தவணை முடியும் தறுவாயில் புதுப்பிக்கும் பொத்தான் வரும். யாராவது காத்திருந்தால் நீங்களும் வரிசையில் பெயரைப் போட்டு வையுங்கள். மறுபடி கைக்கு வரும்போது விட்ட பக்கத்திலேயே திறக்கும், நீங்கள் போட்ட அடையாளங்களும் அப்படியே இருக்கும். ஹப்புத்தளையில் மழை என்றால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; ஆகவே டேட்டா இருக்கும்போதே புத்தகம் முழுவதும் போனில் இறங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.